ராத்திரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

உறையூரில் எங்கள் தெரு இரவு பத்தரை மணிக்கெல்லாம் அடங்கிவிடும். முனையில் இருக்கும் இட்லிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம்தான் கடைசிச் சத்தம். அதற்குப் பிறகு வரும் அமைதியில் என் மகன் அலறுவான்.

அப்போது அவனுக்கு ஆறு வயது. ஒன்பதரைக்குப் படுப்பான், படுத்த ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். ஒன்றேகால் மணி நேரம் போல ஆகியிருக்கும். திடீரென்று எழுந்து உட்கார்ந்து கத்துவான். பிள்ளைகள் பசிக்கோ வலிக்கோ அழுகிற அழுகை இல்லை அது. யாரோ துரத்தி வருகிற மாதிரி ஒரு கதறல். கண் திறந்தே இருக்கும். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சில் கை வைத்தால் கையில் பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி படபடக்கும். "அம்மா, அம்மா" என்று கத்துவான். நான் தூக்கப் போனால் என்னையே இரண்டு கையாலும் தள்ளுவான். யாரைக் கூப்பிடுகிறானோ அவளையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து நிமிடம் இப்படி. பிறகு யாரோ சுவிட்சை அணைத்தது போல அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவான். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. "நான் கத்தவே இல்லையே" என்பான், இட்லியை வாயில் வைத்துக்கொண்டு.

வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாள். இவருக்கு மூன்றாம் ஷிப்ட் வரும் வாரங்களில் நானும் அத்தையும் மட்டும்தான் வீட்டில். முதல் தடவை பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டு வந்து கதவைத் தட்டினார்கள். நாங்கள் பிள்ளையை அடிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் கத்த ஆரம்பித்ததும் நான் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது. பிள்ளையைப் பார்ப்பது அப்புறம்தான். இதை எழுதும்போது இப்போதும் மனசுக்கு வலிக்கிறது.

அத்தை அவர் அறிந்த வழியெல்லாம் செய்தார். "பிள்ளை எங்கேயோ பயந்துருக்கு" என்றார். திருநீறு போட்டார். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். வெக்காளியம்மன் கோயிலில் சீட்டு எழுதி சூலத்தில் கட்டினோம். நத்தர்வலி தர்காவுக்குப் போய் ஓதி ஊதிக்கொண்டு கறுப்புக் கயிறு கட்டி வந்தோம். இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் பேரன் கதறும்போது அந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி பதறியடித்து எழுந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அன்புதான் எனக்கு அந்த நாட்களில் துணை. என் வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: கயிறு கட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். ஒன்றரை வருடம் போய்விட்டது.

இப்போது எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இன்றிரவு யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

கெட்ட கனவு வேறு, இந்த அலறல் வேறு. இதை மருத்துவர்கள் இரவுத் திகில் என்கிறார்கள். கனவு பெரும்பாலும் கண் வேகமாக அசையும் தூக்கத்தில் வருவது. அந்தத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் அதிகம். கெட்ட கனவு கண்ட பிள்ளை முழுசாக விழித்துக்கொள்ளும், என்ன கண்டது என்று சொல்லும், அம்மாவைக் கட்டிக்கொள்ளும். இரவுத் திகில் முன்னிரவில், தூக்கத்தின் ஆக ஆழமான கட்டத்தில் வருவது. அந்த ஆழத்திலிருந்து மூளை மேலே வரும்போது ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது, மீதி தூங்கிக்கொண்டிருக்கிறது. கை கால் இயங்குகிறது, குரல் வருகிறது, பயம் இருக்கிறது, ஆனால் பிள்ளை அங்கே இல்லை. அதனால்தான் என்னைத் தெரியவில்லை, அதனால்தான் காலையில் நினைவில்லை. அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது. கட்டிலிலிருந்து விழாமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்பருவத்துக்குள் தானாகவே நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில் வருகிறது என்றால் அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பு லேசாகத் தொட்டு, அரைகுறையாக விழிக்க வைத்துத் திரும்பத் தூங்கவிடும் ஒரு முறையும் உண்டு. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது. காய்ச்சல், தூக்கக் குறைவு, மனதில் உள்ள நெருக்கடி, மூச்சடைப்பு, முட்டிய சிறுநீர் எல்லாம் இதைத் தூண்டிவிடும்.

அந்த "மூச்சடைப்பு" என்ற சொல்லுக்குத்தான் நாங்கள் வந்து சேர அவ்வளவு நாள் பிடித்தது.

நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு புகார். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான், எழுதச் சொன்னால் டெஸ்க் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பெற்றோர் கூட்டத்தில் மற்ற அம்மாக்கள் முன்னால் "வீட்டில கொஞ்சம் கண்டிச்சு வளருங்க" என்றார்கள். வீட்டில் கண்டித்தோம். அடியும் விழுந்தது. காலையில் அவனை எழுப்புவதே பெரும்பாடு. ஏழு வயது நெருங்கியும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான், அதற்கும் திட்டு. முதலில் பார்த்த குழந்தை மருத்துவர், சாப்பிடுகிறானா, எடை ஏறுகிறதா, படிக்கிறானா என்று கேட்டார். ராத்திரி கத்துகிறான் என்று நான் சொன்னதும் "வளர்ந்தா சரியாயிடும்மா" என்று சொல்லி வைட்டமின் டானிக் எழுதிக்கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பகலைப் பற்றி மூன்று கேள்வி கேட்டவர் இரவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

கேட்டவர் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவர். பள்ளிக்கூடத்தில் சொன்னதால், கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அங்கே போனோம். அத்தைக்கு அங்கே வர இஷ்டமே இல்லை. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது" என்றார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம் நாம். 1794இல் தொடங்கி, இவ்வளவு காலமாக எத்தனையோ குடும்பங்களுக்குப் புகலிடமாக இருந்த ஒரு மருத்துவமனையின் பெயர் அது.

அந்த டாக்டர் பையனைப் பொம்மைகளோடு விளையாட விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ராத்திரி எப்படித் தூங்குறான், அதைச் சொல்லுங்க."

நான் அலறலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு மேலே மேலே கேட்டார். குறட்டை விடுவானா? வாயைத் திறந்து மூச்சு விடுவானா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா? தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்குமா? குறட்டை நின்று, கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு திணறி இழுப்பானா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன். குறட்டையை நாங்கள் நல்ல தூக்கத்துக்கு அடையாளமாக நினைத்திருந்தோம். "அவங்க தாத்தா மாதிரியே குறட்டை விடுறான்" என்று சிரித்திருக்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டபோது அத்தை முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இவன் அப்பனே சின்னதுல தூக்கத்துல எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிருவான். கதவுக்குக் குறுக்கே நான் பாயைப் போட்டுப் படுப்பேன்." கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் கேள்விப்படாத செய்தி அது.

மறுநாள் இரவு செல்போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார். நைட் லாம்ப் வெளிச்சத்தில் எடுத்தேன். அவன் மார்புக்குழி மூச்சு இழுக்கும்போது உள்ளே ஒடுங்குவதையும், சில விநாடி எல்லாமே நின்றுவிடுவதையும் அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். ஆறு வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்தவள் நான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்துக் காற்றுப் பாதையை அடைத்திருக்கிறது, டான்சிலும் பெரிதாக இருக்கிறது என்றார். பகலில் நிற்கும்போது சமாளித்துக்கொள்ளும் உடம்பு, தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்ததும் திணறுகிறது. மூச்சு நின்றதும் மூளை பதறி அரைகுறையாக விழிக்கிறது. மூச்சு வந்ததும் தூங்குகிறது. ராத்திரி முழுக்க இதே வேலை. பெரியவர்கள் இப்படித் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி விழுவார்கள். பிள்ளைகளில் பலர் தூங்கி விழுவதில்லை. துள்ளுவார்கள், அடிப்பார்கள், அழுவார்கள், ஒன்றில் நிலைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நாங்கள் "கண்டித்து" வளர்த்துக்கொண்டிருந்தோம்.

இதைப் பிறகு தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1889இலேயே வில்லியம் ஹில் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை எழுதியிருக்கிறார்: பள்ளியில் மந்தம் என்றும் சோம்பேறி என்றும் பெயர் வாங்கும் பிள்ளை, அடிக்கடி தலைவலி என்று சொல்கிறது, வாயால் மூச்சு விடுகிறது, குறட்டை விடுகிறது, இரவில் புரண்டுகொண்டே இருக்கிறது என்றால் பள்ளி மருத்துவர் அந்தப் பிள்ளையை அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்று. தூக்கத்தில் மூச்சு நிற்பதைக் கருவிகள் வைத்து அளந்து, எட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோ 1976இல் எழுதினார். அதே கில்மினோவின் குழு 2003இல், தூக்கத்தில் நடக்கிற, அலறுகிற 84 பிள்ளைகளைப் பரிசோதித்தது. அவர்களில் 49 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. 43 பேருக்கு டான்சில், அடினாய்டு போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூச்சுத் தடை போனபோது அலறலும் நடையும் போய்விட்டன. எல்லாப் பிள்ளைகளின் அலறலுக்கும் இதுதான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்னவென்று தெரிந்தே இத்தனை காலம் ஆகியிருக்கிறதே.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். சென்னைக்குப் போனோம். தலையில், கன்னத்தில், நெஞ்சில், காலில் எல்லாம் ஒயர்கள். மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். "நான் ரோபோ ஆயிட்டேன்மா" என்றான். அவன் தூங்கிய பிறகு நான் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வேகமாக அசையும் தூக்கம் என்று ஒன்று இருப்பதையே உலகம் தெரிந்துகொண்டது இப்படி ஒரு பிள்ளையின் தலையில் ஒயர் ஒட்டித்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகன் ஆர்மண்டைப் படுக்கவைத்துப் பதிவு செய்தார். 1953இல் அவரும் அவர் பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். அந்த அப்பாவும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அறிக்கை வந்தது. பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு முறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டாலே இயல்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். என் மகனுக்கு ஒன்பது.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து நாள் தொண்டை வலி, மோர் சாதம், ஐஸ்கிரீம். இரண்டு மாதத்துக்குள் அலறல் குறைந்து நின்றது. படுக்கை நனைவதும் நின்றது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் குறட்டை விடும் பிள்ளையையெல்லாம் கத்திக்குக் கூட்டிப் போய்விடக்கூடாது. அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான 464 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை முடிவு இயல்புக்குத் திரும்பியது; காத்திருந்து கவனித்தவர்களிலும் ஏழு மாதத்தில் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே திரும்பியது. நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அதிகம் முன்னேறியது, ஆனால் கவனத்தை அளக்கும் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. என் மகனும் அப்படித்தான். அடிப்பதில்லை, டெஸ்க் அடியில் போவதில்லை, காலையில் அவனே எழுந்து வருகிறான். கணக்கு இன்னும் தகராறுதான். அது பரவாயில்லை.

இங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. அவன் தூங்க ஆரம்பித்தான், எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இரண்டு வருடமாகப் பத்தே முக்காலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த உடம்பு. அலறல் நின்ற பிறகும் அதற்கு நிற்கத் தெரியவில்லை. இட்லிக் கடை ஷட்டர் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை என்று கடிகாரம் பார்ப்பேன். இப்போது தூங்கினால் நாலு மணி நேரம், இப்போது தூங்கினால் மூன்றரை என்று கணக்குப் போடுவேன். விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறேன் என்று எட்டரைக்கே போய்ப் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் தூங்குவேன். ஆபீசில் நாலு காபி. எல்லாம் சேர்ந்து என்னை மேலும் மேலும் விழிக்க வைத்தன என்று அப்போது தெரியாது. கணக்கெழுதும் வேலை எனக்கு. எண்களில் தப்பு வர ஆரம்பித்தது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் எரிந்து விழுவேன். ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், எந்தக் காரணமும் இல்லாமல் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. பிள்ளை நன்றாக ஆகிவிட்டானே, இனி எதற்கு அழுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். காரணம் இல்லாத துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மேல் வீட்டு அக்கா "பாதி போட்டுக்கோ" என்று ஒரு மாத்திரை தந்தார். அருமையாகத் தூங்கினேன். மூன்று வாரம் போட்டேன். ஒரு நாள் தீர்ந்துபோனதும், முன்பு இருந்ததைவிட மோசமான ஒரு ராத்திரி வந்தது. கை நடுங்கியது. அந்த வகை மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதவை. குறுகிய காலத்துக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பயன் உண்டு; நிறுத்துவதையும் அவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். அக்கா எனக்கு நல்லது நினைத்துத்தான் கொடுத்தார். இருந்தாலும் சொல்கிறேன், யாரும் யாருக்கும் அப்படிக் கொடுக்காதீர்கள்.

மகனைக் கூட்டிப் போன அந்த டாக்டரிடமே போய், இந்தத் தடவை கேட்காமலேயே என் ராத்திரியைச் சொன்னேன். அவர் பெரியவர்களைப் பார்க்கும் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் முதலில் கேட்டது மனச்சோர்வு இருக்கிறதா என்றுதான்: எதிலும் விருப்பமில்லாமல் போய்விட்டதா, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து மனம் பாரமாகக் கிடக்கிறீர்களா, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு சொன்னேன். அப்படி வெளிப்படையாக ஒருவர் கேட்டதும் பதில் சொன்னதும்தான் எனக்குப் பாதி மருந்து. நள்ளிரவில் அந்த எண்ணம் வந்து, சொல்ல ஆளில்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்கச் சேவை. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

தூக்கமின்மை மனச்சோர்வின் ஒரு அறிகுறி மட்டும்தான், மனம் சரியானால் தூக்கம் வரும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2011இல் 21 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 26 பல்கலைக்கழகங்களின் 3,755 மாணவர்களை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது காரணமற்ற சந்தேகமும், இல்லாத குரல் கேட்பது போன்ற அனுபவங்களும் குறைந்தன. எனவே தூக்கமின்மையை அதற்காகவே, தனியாகவே சிகிச்சை செய்ய வேண்டும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று அறிவித்தது. வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அது நாள்பட்டது. எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எப்போது படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், எத்தனை தடவை விழித்தேன், எப்போது எழுந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் படுக்கையில் இருந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்தரை. "அப்ப படுக்கையில அஞ்சரை மணி நேரம் மட்டும் இருங்க" என்றார். எனக்குக் கோபமே வந்தது. தூக்கம் இல்லை என்று போனவளிடம் தூங்காதே என்கிறாரே என்று. ஆனால் இது ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதிவைத்த முறை. தூக்கமின்மையைத் தொடங்கிவைத்த காரணம் ஒன்றாக இருக்கும், தொடரவைக்கும் காரணம் வேறாக இருக்கும் என்று சொன்னவரும் அவர்தான். எனக்குத் தொடங்கிவைத்தது மகனின் அலறல். தொடரவைத்தது எட்டரை மணிப் படுக்கை, ஞாயிறு மதியத் தூக்கம், கடிகாரம்.

சரி என்று ஆரம்பித்தேன். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து, எப்படித் தூங்கினாலும் ஐந்தரைக்கு எழ வேண்டும். பகலில் தூங்கக்கூடாது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். கண் சொருகினால்தான் திரும்பிப் போக வேண்டும். இந்தப் பகுதி அதற்கும் முன்னால், 1972இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது. படுக்கையைப் பார்த்ததும் உடம்புக்குத் தூக்கம் நினைவுக்கு வர வேண்டும், பயம் நினைவுக்கு வரக்கூடாது. எனக்கு அந்த மெத்தையைப் பார்த்தாலே பயம் இருந்தது என்பது இதைக் கேட்டபோதுதான் புரிந்தது.

முதல் வாரம் நரகம். பதினொரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். செல்போனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பூண்டு. ஒன்றரைக்குத் தூக்கம் வராமல் எழுந்து வந்தால் மறுபடியும் பூண்டு. எங்கள் வீட்டில் அந்த மாதம் ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை. பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, பன்னிரண்டுக்குத் தலை சாய்த்தேன், அடுத்து அலாரம் சத்தம்தான் கேட்டது. இடையில் ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. அப்படிக் கால் கால் மணியாகச் சேர்த்து ஆறேமுக்கால் மணி நேரத்துக்கு வர மூன்று மாதம் ஆனது. காபி காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அதோடு சரி. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும் என்று தெரிந்த பிறகு மாலைக் காபியைப் பார்த்தாலே கை பின்வாங்குகிறது. படுக்கை நேரத்தைக் குறைக்கும் இந்த முறையை யாரும் தானாகச் செய்து பார்க்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கும், மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்து பிறகு சோரும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கும் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்தாகிவிடும். வண்டி ஓட்டுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் யாரைப் பார்த்தாலும் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்கிறேன். பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆபீசில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, விழித்திருந்தும் கை கால் அசைக்க முடியாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் வாரம் ஒரு நாள் வருகிறது என்றாள். அமுக்குவான் பேய் என்று அம்மா சொன்னதால் கட்டிலடியில் கத்தி வைத்துத் தூங்குகிறாளாம். கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது; சில நேரம் விழிப்பு முதலில் வந்து, கட்டு அவிழ ஒரு நிமிடம் பிந்துகிறது, தூக்கம் குறைந்த நாட்களில் இது அதிகம் வரும் என்று சொன்னேன். "அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

அண்ணன் மகள் பிளஸ் டூ. இரவு பன்னிரண்டு வரை படிப்பு, நாலரைக்கு அண்ணி எழுப்பிவிடுகிறார். விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. சீக்கிரம் படுத்த காலத்தில் அது பொருந்தியிருக்கும். பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. பதினோரு மணி வரை தூக்கம் வராதது அந்தப் பிள்ளைகளின் திமிர் இல்லை. அவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்றது. கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல் அது சட்டம். இங்கே ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான் என்று அண்ணியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "நீட் முடியட்டும்" என்கிறார். அந்தப் பிள்ளை சமீபத்தில் யாரிடமும் பேசுவதில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது, நாலாவது தடவையும் சொல்லப் போகிறேன்.

போன மாதம் ஒரு இரவு, ஆறேமுக்கால் மணிக் கணக்குக்கு முன்னாலேயே விழிப்புத் தட்டி ஹாலுக்கு வந்தேன். இரண்டரை மணி இருக்கும். மகன் வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தை, தூங்கலையா?"

"எனக்கு இது தினமும்தான். உங்க மாமா போனதுலேருந்து ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் ஏது தூக்கம்."

மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

"சொல்லவே இல்லையே அத்தை நீங்க?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

விளக்கைப் போட்டுப் பழைய நோட்டை எடுத்து வந்தேன். என் பக்கங்களுக்குப் பிறகு வெற்றுத்தாள் நிறைய இருந்தது. ஒரு கோடு போட்டு மேலே அத்தை என்று எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனை மணிக்குப் படுத்தீங்க என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "சீரியல் முடிஞ்சு, தம்பிக்குப் போர்வை போத்திட்டு... ஒம்போதேகால்னு எழுதிக்க" என்றார்.